பிரமிபெக்ஸால், ரோபினிரோல், பேட்ச்: பார்கின்சன் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

மருந்தாளுநர் மேசை
பிரமிபெக்ஸால், ரோபினிரோல், ரோட்டிகோட்டின் பேட்ச் மூன்றும் மூளையில் டோபமின் போல வேலை செய்யும் ஒரே வகை மருந்துகள். பிரமிபெக்ஸால் சீட்டு வந்தால் முதலில் எண்ணைப் பாருங்கள். ஒரே மாத்திரைக்குச் சில நாடுகளில் மருந்தோடு இணைந்திருக்கும் வேதி உப்பையும் சேர்த்து 0.125 மி.கி. என்று அச்சிடுகிறார்கள், சில நாடுகளில் உப்பைக் கழித்து 0.088 என்று போடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான். அதே போல 0.7 என்றிருப்பது 1 மி.கி. மாத்திரை. வேறு நாட்டு அட்டையைப் பார்த்து ‘டோஸ் குறைந்துவிட்டது’ என்று ஒன்றரையாகப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு.

வழக்கமான தொடக்கம் 0.125 மூன்று வேளை, அடுத்த வாரம் 0.25 மூன்று வேளை, அதற்கடுத்து 0.5 மூன்று வேளை. கூட்டுவதற்கிடையே குறைந்தது 5 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். உச்ச அளவு நாளுக்கு 4.5 மி.கி. என்றாலும் 1.5-ஐத் தாண்டியதும் தூக்கக் கலக்கம் கூடுகிறது. எனவே நடை, நடுக்கம் ஓரளவு அடங்கியதும் அங்கேயே நிற்பதுதான் நல்லது.

இந்த மருந்து பெரும்பாலும் மாறாமலே சிறுநீரகம் வழியாக வெளியேறும். வயதானவர்களின் கிரியாட்டினின் எண் பார்க்கச் சரியாகவே இருக்கும்; வயது, எடை சேர்த்துக் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம்) கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். அது நிமிடத்துக்கு 50 மி.லி.க்குக் கீழே போனால் மூன்று வேளை என்பது இரண்டாகவோ ஒன்றாகவோ குறைய வேண்டும்.

ரோபினிரோலுக்கு வேலை கல்லீரலில். சிப்ரோஃப்ளாக்சசின் சேர்த்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். புகைபிடிப்பவர் திடீரென நிறுத்தினாலும் ஏறும். ஆன்டிபயாட்டிக் எழுதும் டாக்டரிடம் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

வார்டு செவிலி
தொடங்கிய சில நாட்களில் குமட்டல் சகஜம். சாப்பாட்டோடு கொடுத்தால் பாதி அடங்கும். பார்கின்சனுக்கான இன்னொரு முக்கிய மருந்தான லெவோடோபா போல இது புரதத்தோடு மல்லுக்கட்டுவதில்லை, அதனால் பயமில்லாமல் உணவோடு கொடுக்கலாம். தவறு நடப்பது வேறிடத்தில்: வாந்தி என்றதும் யாராவது மெட்டோக்ளோப்ரமைடு ஊசி போட்டுவிடுவார்கள். அது மூளைக்குள் போய் டோபமினையே தடுக்கும். இரண்டு வேளையில் ஆள் விறைத்துப் போவார். புரோக்ளோர்பெரசினும் அப்படித்தான். டோம்பெரிடோன் மூளைக்குள் பெரிதாக நுழையாது. ஆனால் இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடியது என்பதால் ஈசிஜி பார்த்து, குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும்.

பிரஷரை உட்கார வைத்து ஒரு முறை பார்த்தால் போதாது. 5 நிமிடம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து நின்ற 1-ஆம் நிமிடத்திலும் 3-ஆம் நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அடுத்த டோஸ் கூட்டுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர் மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

ரோட்டிகோட்டின் பேட்ச்: காய்ந்த, எண்ணெயோ கிரீமோ படாத தோல். வயிறு, தொடை, இடுப்பு, விலா, தோள், மேற்கை ஆகிய இடங்களில் ஒட்டலாம். உறையைப் பிரித்ததும் ஒட்டிவிட வேண்டும். உள்ளங்கையால் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள், ஓரம் தூக்காது. ஒரு முறை ஒட்டிய இடத்துக்கு 14 நாள் ஓய்வு. காலண்டரிலேயே ‘இடது தொடை’ என்று எழுதி வைத்தால் குழப்பமில்லை. ஹீட்டிங் பேட், வெந்நீர் ஒத்தடம் பக்கத்தில் கூடாது, மருந்து வேகமாக உள்ளே போய்விடும். பின்பக்கத்தில் அலுமினியம் இருப்பதால் எம்ஆர்ஐக்கு முன் எடுத்துவிட வேண்டும். புதிதை ஒட்டும் முன் பழையதை உரித்தாயிற்றா என்று பாருங்கள். முதுகுப் பக்கம் இன்னொன்று ஒட்டியபடியே இருக்கும்!

பராமரிப்பவர்
செவிலி அக்கா சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது: சூதாட்டம், தேவையில்லாமல் வாங்கிக் குவிப்பது, நள்ளிரவில் கட்டுப்பாடில்லாமல் தின்பது, காம வேகம், ஒரே பொருளைப் பிரித்துப் பிரித்துச் சேர்ப்பது. 2010இல் வெளியான, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வில் இந்த வகை மருந்து எடுப்பவர்களில் சுமார் 17 சதவீதம் பேரிடம் இவற்றில் முதல் நான்கில் ஏதோ ஒன்று இருந்தது; எடுக்காதவர்களிடம் சுமார் 7. குணக்கேடு இல்லை, மருந்து மூளையின் ‘பரிசு’ப் பாதையைத் தூண்டுவதால் வருவது. மாதக்கணக்கில் கழித்தும் தொடங்கலாம்.

நோயாளியிடம் ‘ஏதாவது பிரச்சினையா?’ என்றால் இல்லை என்பார். வங்கிக் கணக்கையும், வந்து இறங்கும் பார்சலையும் பாருங்கள். மருந்து தொடங்கும் அன்றே, அவரும் கேட்டிருக்கும்போது, ‘இப்படி வரலாம், வந்தால் டாக்டரிடம் சொல்வோம்’ என்று பேசிவிட்டால் பிறகு சண்டை இருக்காது.

தூக்கமும் அப்படித்தான். கொட்டாவியே இல்லாமல், பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாயும். டோஸ் கூட்டும் நாட்களில் வண்டிச் சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். ஒரு முறை அப்படி நடந்துவிட்டால் டாக்டர் சரி சொல்லும்வரை ஓட்டவே கூடாது. இல்லாத ஆட்களோ பூச்சியோ தெரிவதாகச் சொன்னாலும் தாமதிக்காமல் கூப்பிடுங்கள்; எழுபது தாண்டியவர்களிடம் இது அதிகம்.

மருந்தாளுநர் மேசை
மேலே உள்ளதைப் படித்துவிட்டு பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் காய்ச்சல், கடும் விறைப்பு, குழப்பம் வரலாம். அது நேரே எமர்ஜென்சி. படிப்படியாகக் குறைத்தாலும் சிலருக்குப் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு, மருந்துக்கான ஏக்கம் வரும். லெவோடோபாவைக் கூட்டினால் இது அடங்காது. பிரமிபெக்ஸாலின் மருந்துத் தகவல் குறிப்பில் உள்ள கணக்கு நாளுக்கு 0.75 மி.கி. வீதம் இறக்கி, 0.75-க்கு வந்ததும் 0.375 வீதம் என்பது. நெடுநாள் பெரிய டோஸில் இருந்தவருக்கு அந்த வேகம் தாங்காது, வாரக்கணக்கில் இறக்குவதே நடைமுறை.

புது உறுப்பினர்
ஊருக்குப் போனதில் மூன்று நாள் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடரலாமா?

வார்டு செவிலி
ஒரு வேளை என்றால் அடுத்த வேளைக்கு வழக்கமான அளவு மட்டும், இரட்டிப்பு வேண்டாம். மூன்று நாள் என்றால் டாக்டரைக் கேட்காமல் முழு அளவு போடாதீர்கள். பெரும்பாலும் கீழிருந்து மறுபடி ஏற்றச் சொல்வார்கள், இல்லையென்றால் முதல் நாளே பிரஷர் இறங்கி விழுவார்.