60 கிரெடிட் கையில் இருக்கு. கத்தோலிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு மாறினா எவ்வளவு மிஞ்சும்?

வைகைக்கரை:

வணக்கம். தங்கச்சி டெக்சஸ்ல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷக் கல்லூரி) படிக்கிறா. வர்ற மே மாசத்தோட நாலு செமஸ்டர், 60 கிரெடிட் முடியுது. ஜிபிஏ 3.4. அமெரிக்கக் குடியுரிமை இருக்கு, பெல் கிராண்டும் (திருப்பிக் கட்ட வேண்டாத ஃபெடரல் உதவி) ஃபெடரல் கடனும் வாங்குறா. இலக்கியமோ தத்துவமோ படிக்கணும்னு நிக்கிறா. அவ பட்டியல்ல இருக்கிறது யுனிவர்சிட்டி ஆஃப் டாலஸ், தாமஸ் அக்வினாஸ் காலேஜ், ஹோலி கிராஸ். மூணுமே கத்தோலிக்கக் கல்லூரிங்க. இந்த 60ம் செல்லுமா? உதவிப் பணம் என்ன ஆகும்? நாங்க இந்துக் குடும்பம், சேர்க்கையில அது இடிக்குமா?

ஏட்டுச்சுவடி:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். மதம் சேர்க்கையைத் தடுக்காது. பூசைக்குப் போகணும்னு கட்டாயம் கிடையாது. ஆனா இறையியல் அல்லது சமயப் பாடம் எல்லாருக்கும் கட்டாயம், அதுல விலக்கு கேட்க முடியாது. விடுதி விதிகளையும் படிச்சுப் பாருங்க. தாமஸ் அக்வினாஸ்ல ஆண்கள் விடுதிக்குள்ள பெண்களும், பெண்கள் விடுதிக்குள்ள ஆண்களும் எந்த நேரத்துலயும் போகக் கூடாது. வகுப்புக்கு உடைக் கட்டுப்பாடும் உண்டு.

இப்ப கிரெடிட். நீங்க சொன்ன மூணும் ஒரே சாதி கிடையாது, அதுதான் இங்க முக்கியம்.

தாமஸ் அக்வினாஸ்ல (1971ல தொடங்கினது; கலிபோர்னியாவுல சாண்டா பவுலா, 2019ல இருந்து மாசசூசெட்ஸ்ல நார்த்ஃபீல்டுலயும் வளாகம் இருக்கு) 60 கிரெடிட்டுக்கு மதிப்பு பூஜ்யம். வேற இடத்துல எத்தனை வருஷம் படிச்சிருந்தாலும் முதலாண்டுலதான் சேரணும். வயோமிங் கத்தோலிக் காலேஜும் அப்படித்தான். இங்க "டிரான்ஸ்ஃபர்"ங்கிற வார்த்தைக்கே வேலை இல்ல.

ஹோலி கிராஸ் (வூஸ்டர், 1843, இயேசு சபை) கணக்கைப் பாடத்துல வைக்குது, கிரெடிட்டுல இல்ல. பட்டத்துக்கு 32 பாடம், அதுல பாதியை அங்கேயே படிக்கணும். 60 கிரெடிட்னா மூணு கிரெடிட் பாடமா சுமார் 20 வரும். எல்லாமே தகுதியானாலும் 16க்கு மேல நுழையாது. நாலு பாடம் வாசல்லயே போயிடும்.

டாலஸ்லதான் உண்மையான பேரம். அங்கேயும் ஒரு பொறி இருக்கு. டெக்சஸ்ல 42 கிரெடிட் "கோர்" (எல்லாருக்கும் பொதுவான கட்டாயப் பாடங்கள்) முடிச்சவங்களுக்கு அதை அப்படியே ஏத்துக்கணும்னு இருக்கிற விதி மாநில அரசுக் கல்லூரிகளைத்தான் கட்டுப்படுத்தும். டாலஸ் தனியார். அவங்களோட கோர் வேற, உங்க கோர் வேற. டெக்சஸ் அரசாங்கம்னு ஒரு பாடம் கட்டாயம்னு தங்கச்சி படிச்சிருப்பா. அங்க அது எந்தக் கட்டத்துலயும் உட்காராது, வெறும் எலக்டிவ் (விருப்பப் பாடம்). உலக இலக்கியம்னு ஒரு சர்வே பாடம் எடுத்திருந்தா அதுக்கும் அதே கதி ஆகலாம். ஏன்னா அங்க இலக்கிய மரபு நாலு பாடம், காவியத்துல தொடங்கி நாடகம், நாவல்னு ஒரு வரிசையில போகும். முழு நூலை வாசிச்சு அதைப் பத்தி எழுதுறதுதான் பாடமே. தொகைநூல்ல பத்துப் பக்கத் துண்டுகளா வாசிச்சது அதுக்கு ஈடு ஆகாதுன்னு துறை சொன்னா வாதாட இடமில்ல.

அதனால "60 ஏத்துக்கிட்டோம்"னு கடிதம் வந்தா சந்தோஷப்பட்டுடாதீங்க. ஏத்துக்கிறது வேற, பட்டத்துக்குப் பொருந்துறது வேற. இப்படிக் கேளுங்க: ஒவ்வொரு பாடமும் கோரா, மேஜரா (முதன்மைப் பாடம்), எலக்டிவா, தள்ளுபடியா? பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டுக்கு இன்னும் எத்தனை பாக்கி? எந்த செமஸ்டர்ல முடியும்? பதிவாளர் அலுவலகத்துக்கிட்ட இதை எழுத்துல வாங்கின பிறகுதான் டெபாசிட் கட்டணும்.

இதுக்கு வேண்டியது சிலபஸ். கேட்டலாக்ல இருக்கிற மூணு வரி விளக்கம் பத்தாது. எந்த நூல், எத்தனை பக்கம் எழுத்து வேலை, எத்தனை வாரம்னு தெரியிற முழு சிலபஸ் வேணும். செமஸ்டர் முடிஞ்சதும் பாடத்தளத்துல இருந்து அது மறைஞ்சிடும், இப்பவே எல்லாத்தையும் இறக்கி வைக்கச் சொல்லுங்க. சி-க்குக் கீழ எடுத்தது பொதுவா மாறாது. சி மைனஸ் கூட பல இடத்துல விழுந்துடும். ஆன்லைன்ல செஞ்ச லேப் சந்தேகத்துக்கு உரியது. பள்ளியில எழுதின ஏ.பி. (கல்லூரி நிலைத் தேர்வு) மதிப்பெண் கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) வழியா வராது, அந்தத் தேர்வை நடத்துற காலேஜ் போர்டுல இருந்து நேரா அனுப்பணும். புதுக் கல்லூரி அதைத் தன்னோட அளவுகோல்ல திரும்ப அளக்கும். 3.4 ஜிபிஏவும் கூட வராது. புது இடத்துல ஜிபிஏ முதல் நாள்ல இருந்து புதுசாத்தான் ஏறும்.

யூக்ளிட்டடியான்:

தாமஸ் அக்வினாஸ் விதியைப் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. பாடத்திட்டத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். அங்கே மேஜர் இல்லை, எலக்டிவ் இல்லை. எல்லாரும் ஒரே நான்காண்டுப் படிப்பு. கணிதம் யூக்ளிடில் தொடங்குகிறது, இரண்டாம் ஆண்டில் தாலமியின் வானியல், மூன்றாம் ஆண்டில் நியூட்டன். நியூட்டனின் நிரூபணங்கள் யூக்ளிட் பாணி வடிவியலில் இருப்பவை. கல்லூரியில் இரண்டு செமஸ்டர் கால்குலஸ் முடித்தவருக்குக் கூட அங்கே அது கைகொடுக்காது. லத்தீனும் அப்படியே, இரண்டு ஆண்டு கட்டாயம். முதலாண்டில் விவிலியம், அடுத்து அகஸ்டின், பிறகுதான் அக்வினாஸ். நடுவில் ஏறிக்கொள்ள வாசல் கிடையாது.

வகுப்பில் விரிவுரையும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூலநூலை விவாதிப்பார்கள். ஆசிரியரை டியூட்டர் என்பார்கள். ஒரு மாணவருக்குப் பாடம் எடுக்கும் டியூட்டர்கள் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து, அவரை எதிரில் வைத்துக்கொண்டே அவருடைய படிப்பைப் பற்றிப் பேசும் சந்திப்பு ஒன்று உண்டு. "டான் ராக்" என்று பெயர். நான்காம் ஆண்டில் ஆய்வுரை எழுதி வாய்மொழியாகக் காக்க வேண்டும். வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது கடினமான இடம். ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்காமல் விண்ணப்பிக்கச் சொல்ல மாட்டேன்.

டாலஸில் கவனிக்க வேண்டிய இன்னொன்று ரோம் செமஸ்டர். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் போவார்கள். ரோம் அருகே கல்லூரிக்குச் சொந்த வளாகம் இருக்கிறது. அங்கே நடப்பவை கோர் பாடங்களே: இலக்கிய மரபில் ஒன்று, மேற்கத்திய நாகரிகம், தத்துவம், இறையியல், ரோமின் கலையும் கட்டடக்கலையும். ஜூனியராக (மூன்றாம் ஆண்டில்) வருபவர் மேற்கத்திய நாகரிகத்துக்கும் தத்துவத்துக்கும் ஈடு வாங்கிவிட்டால், ரோமில் படிக்க அவருக்குப் போதிய பாடம் மிஞ்சாது. ஆசை இருந்தால் எவற்றுக்கு ஈடு கேட்பது, எவற்றை விட்டுவைப்பது என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். கிரெடிட்டை விட்டுக்கொடுப்பது லாபமாக இருக்கும் அபூர்வமான இடம் இது.

நோட்ர டாமின் 'புரோகிராம் ஆஃப் லிபரல் ஸ்டடீஸ்' பக்கம் யாராவது கை காட்டினால்: அங்கே மூலநூல்களை விவாதிக்கும் செமினார் மட்டும் ஆறு செமஸ்டர் வரிசை. நான்கு செமஸ்டர் மீதி வைத்து வருபவருக்கு நேரம் போதாது.

காசுக்கணக்கு:

பணத்துக்கு வர்றேன். பெல் கிராண்ட் வாழ்நாளுக்கு 12 முழுநேர செமஸ்டர், சதவீதத்துல 600. நாலு போச்சு, எட்டு மீதி. தாமஸ் அக்வினாஸ் மாதிரி முதலாண்டுல இருந்து தொடங்கினா சரியா எட்டு செமஸ்டர். ஒரு செமஸ்டர் தோத்தாலும் அதுக்கு பெல் இல்ல.

கடன்தான் இடிக்கும். பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு ஃபெடரல் நேரடிக் கடன் வருஷ வரம்பு முதலாண்டு 5,500 டாலர், இரண்டாமாண்டு 6,500, அதுக்கு மேல 7,500. மொத்த உச்சம் 31,000. இந்த ரெண்டு வருஷத்துல முழுசா வாங்கியிருந்தா 12,000 போச்சு, மீதி 19,000. மறுபடி முதலாண்டுன்னா வரம்பும் மறுபடி 5,500ல இறங்கிடும். 5,500, 6,500 வாங்கினா மூணாம் வருஷத்துக்கு 7,000 நிக்கும். நாலாம் வருஷத்துக்கு ஒண்ணும் இல்ல. இந்த ஓட்டை தெரியாம நாலாம் வருஷ பில் வந்ததும்தான் வீட்டுல பதறுவாங்க. கம்யூனிட்டி காலேஜ்ல முழுசா வாங்கலைன்னா அந்த அளவு தப்பிச்சீங்க.

இன்னொரு விஷயம், கிறிஸ்டண்டம் காலேஜும் வயோமிங் கத்தோலிக்கும் ஃபெடரல் பணமே வாங்குறதில்ல. அங்க பெல் செல்லாது, ஃபெடரல் கடனும் இல்ல. அவங்க சொந்த உதவித் திட்டம்தான். பட்டியல்ல இதுல ஒண்ணைச் சேர்க்கிறதா இருந்தா ஞாபகம் வச்சுக்குங்க.

டாலஸ்ல சேர்ந்தா டெக்சஸ்வாசிக்கு டியூஷன் ஈக்வலைசேஷன் கிராண்ட்னு மாநில உதவி உண்டு. தனியார் கல்லூரியில படிக்கிற, பணத் தேவை இருக்கிறவங்களுக்கு. மாநிலம் தாண்டினா அது போச்சு. மெரிட் ஸ்காலர்ஷிப் பொறுத்தவரை, முதலாண்டுக்காரங்களுக்குக் கொடுக்கிற தொகையும் டிரான்ஸ்ஃபருக்குக் கொடுக்கிறதும் தனித் தனிப் பட்டியல். வெப்சைட்ல பெரிய எழுத்துல இருக்கிறது பெரும்பாலும் முதல் வகை. ஃபாஃப்சாவுல (ஃபெடரல் உதவிக்கான விண்ணப்பம்) புதுக் கல்லூரிப் பேரைச் சேர்க்க மறக்காதீங்க. மொத்தம் 20 கல்லூரி வரை சேர்க்கலாம்.

தென்றல்_92:

நடுவுல நுழையிறேன், மன்னிக்கணும். எஃப்-1 மாணவர் விசாவுல இருக்கிறவங்களுக்கும் இதே வழிமுறைதானா? ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில இருந்து இதே மாதிரி கல்லூரிக்கு மாறணும்னா?

ஏட்டுச்சுவடி:

தென்றல், கிரெடிட் கணக்கு அதே. காகிதம் வேற. புதுக் கல்லூரி சேர்க்கைக் கடிதம் கொடுத்த பிறகு பழைய கல்லூரி டிஎஸ்ஓக்கிட்ட (வெளிநாட்டு மாணவர் விவகாரம் பார்க்கிற அலுவலர்) செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) விடுவிப்புத் தேதி கேட்கணும். அந்தத் தேதி வந்த பிறகுதான் புது ஐ-20 (மாணவர் தகுதிப் படிவம்) கிடைக்கும். விடுவிச்ச நாள்ல இருந்து அஞ்சு மாசத்துக்குள்ள, இல்ல அடுத்து தொடங்குற செமஸ்டர்ல, எது முதல்ல வருதோ அதுல வகுப்பு தொடங்கிடணும். பழைய கல்லூரி வளாக வேலை விடுவிப்பு நாளோட முடியும், ஒரு நாள் கூடுதலா பார்த்தாலும் தப்பு. புது ஐ-20ல இருக்கிற தொடக்கத் தேதியில இருந்து 15 நாளைக்குள்ள புது டிஎஸ்ஓக்கிட்டப் பதிவு செய்யணும். செவிஸ் எண் அதே, கட்டணமும் மறுபடி இல்ல. விசா காலாவதி ஆகலைன்னா, அதுல பழைய கல்லூரிப் பேர் இருந்தாலும் பரவாயில்ல.

எல்லாத்தையும் விடப் பெரிய விஷயம் வேற. லிபரல் ஆர்ட்ஸ் பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியல்ல வராது. ஓபிடி (படிப்பு முடிஞ்சதும் கிடைக்கிற வேலை அனுமதி) 12 மாசத்தோட சரி, 24 மாச நீட்டிப்பு கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இருந்து இதுக்கு மாறுறவங்க வீட்டுல இதை முதல் நாளே சொல்லிடுறது நல்லது.

யூக்ளிட்டடியான்:

வைகைக்கரைக்கு வேலை வரிசை மட்டும். டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தில் கட்டுரையையும் பேராசிரியர் கடிதத்தையும் தவிர இரண்டு படிவங்களை மறந்துவிடுவார்கள். ஒன்று, நல்லொழுக்கத்தைச் சான்று சொல்லும் கல்லூரி அறிக்கை. தற்போதைய கல்லூரி அலுவலகம் நிரப்ப வேண்டும். மற்றது நடுப்பருவ மதிப்பெண் படிவம். நடப்பு செமஸ்டர் பாடம் ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஆசிரியரிடம் வாங்க வேண்டியது. இரண்டும் எல்லாக் கல்லூரியும் கேட்பதில்லை, கேட்டால் பருவ நடுவில்தான் கேட்பார்கள்.

கட்டணப் பாக்கி, நூலக அபராதம் ஏதும் இருந்தால் இப்போதே கட்டிவிடச் சொல்லுங்கள். நாற்பது டாலர் பாக்கிக்காகக் கூட டிரான்ஸ்கிரிப்டை நிறுத்தி வைக்கும் இடங்கள் உண்டு. இறுதி டிரான்ஸ்கிரிப்டைக் கடைசி மதிப்பெண்கள் ஏறி, அசோசியேட் பட்டம் பதிவான பிறகே அனுப்பச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு மே முதல் வாரத்தில் பொத்தானை அழுத்தினால் நான்காம் செமஸ்டர் முழுதும் "நடப்பில்" என்றே போகும், 15 கிரெடிட் கணக்கில் வராது.

வைகைக்கரை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். சிலபஸ் 20ல 13 கிடைச்சிருக்கு, மீதிக்கு ஆசிரியர்களுக்கு மெயில் போடச் சொல்லியிருக்கேன். மேற்கத்திய நாகரிகம் முதல் பாகத்துக்கு ஈடு கேட்காம விடுறதா இருக்கா. ரோம்தான் காரணம், வேற என்ன.

காசுக்கணக்கு:

அந்த ஏழுக்கும் பதில் வரலைன்னா துறை அலுவலகத்துல கேளுங்க. பழைய சிலபஸ் அவங்க கோப்புல இருக்கும்.