ஆய்வில் இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம்: உங்களுடையது?

பழைய ஏடு:
1984. ஸ்லேட்டர் கிராமங்களில் ஒன்றில் கூலிக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். (1916 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்லேட்டர் தன் மாணவர்களை ஊர் ஊராகக் கணக்கெடுக்க அனுப்பியது, 1936-37-இல் தாமஸும் ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களில் மறுபடி எடுத்தது எல்லாம் இங்கே தெரிந்ததுதான்.) அறுப்புக் கூலி நெல்லில். மரக்காலுக்கு 8 படி என்று போட்டு, ரூபாயாக்கி, 140 வீடு முடித்தாயிற்று. அடுத்த வீட்டுப் பாட்டி, "எந்த மரக்கா தம்பி?" என்றார். முந்தின நாள் நாலு மரக்கால் என்று வாங்கிவந்த கூலியைத் தன் மரக்காலால் அளந்தார். நாலாவது பாதிக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது. மூட்டையை உதறிக் காட்டினார். "இத எழுதிக்க."

140 வீட்டுக்கும் திரும்பிப் போகப் பணமில்லை. ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பு போட்டேன், பட்டமும் வந்தது. ஓய்வுபெற்ற பிறகும் பழைய கூலிக் கணக்குகளைத் தேடித்தான் ஆவணக்காப்பகம் போகிறேன். அந்த அடிக்குறிப்பைத்தான் திறப்பதில்லை.

எக்செல் ராசா:
என் கதை சின்னது. 1981, 1991 மாவட்டக் கணக்குகளை ஒட்டி, மதுரையில் ஜனத்தொகை குறைந்துவிட்டது என்று கருத்தரங்கில் பேசினேன். முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "திண்டுக்கல்லை எங்க விட்டீங்க?" 1985-இல் பிரிந்த மாவட்டம்!

ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். களத்தில் எதையும் மாற்றவே கூடாது. மரக்கால் என்றால் மரக்கால் என்றே எழுத வேண்டும், யாருடைய மரக்கால் என்று பக்கத்திலேயே இன்னொரு கட்டம். மாற்றுவதெல்லாம் வீட்டுக்கு வந்து, தனிக் கோப்பில். மூலக் கோப்பைத் தொடவே கூடாது, யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். அரசுக் கடன் மிகுந்தால் வளர்ச்சி சரியும் என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் எழுதிய கட்டுரை என்ன ஆனது? 2013-இல் ஹெர்ண்டன் என்ற மாணவர் கோப்பை வாங்கிப் பார்த்தால், சராசரியில் 5 நாடுகளைக் காணோம். கடன் மிகுந்த நாடுகளுக்கு அவர்கள் சொன்ன மைனஸ் 0.1 சதவீத வளர்ச்சி, திருத்தியதும் 2.2 ஆகிவிட்டது.

வரப்போரம்:
2.2 வந்தது அந்த 5 நாட்டால் மட்டும் இல்லை சார். விட்டுப்போன ஆண்டுகள், நாடுகளுக்குக் கொடுத்த எடை, அதில்தான் பெரும்பங்கு. தவிர அங்கே தப்பு கோப்புக்குள் இருந்தது, யாரும் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஐயா சொல்வது கோப்புக்கு வருமுன்பே நடந்தது. எந்த ஹெர்ண்டன் வந்தாலும் அகப்படாது.

ஐயா, பாட்டியின் மரக்கால் எத்தனை படி பிடித்தது?

பழைய ஏடு:
அதை அளக்கவில்லை தம்பி. 8 என்றே வைத்துக்கொண்டேன்.