5.25 அங்குல ஃபிளாப்பிக்குக் காகித உறை: எந்தத் தாள், எந்தப் பிரிண்டர்?

பழையவட்டு:
ஆப்பிள் 2 கணினிக் காலத்து ஃபிளாப்பி வட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, உறைகள்தான் பாதிக்கு மேல் கிழிந்தோ தொலைந்தோ போய்விட்டன. மிச்சமிருப்பதை ஸ்கேன் செய்து அதே மாதிரி அச்சடிக்கலாம் என்று பார்க்கிறேன். சாதா ஏ4 தாள் போதுமா? லேசரா, இங்க்ஜெட்டா?

மைக்கூடு:
முதலில் கிழிந்த உறை ஒன்றைப் பிரித்து விரித்து அளந்துகொள்ளுங்கள். வட்டு 133 மி.மீ. சதுரம், உறையின் உள் அகலம் 138, 140 இருந்தால்தான் சிக்காமல் வரும். விரித்த வடிவம் ஏ4-க்குள் அடங்கிவிடும். 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை), அமிலமில்லாத தாள் வாங்குங்கள். 80-இல் செய்தால் தொளதொளவென்று இருக்கும். 100 சதவீத அளவில் அச்சிடுங்கள், பிரிண்டர் தானாகச் சுருக்கிவிட்டால் வட்டு உள்ளே போகாது.

பழையவட்டு:
சரி. சில உறைகள் துணி மாதிரி, கிழிக்கவே வரவில்லையே?

மைக்கூடு:
அது டைவெக், பாலிஎத்திலீன் இழை. 135 டிகிரி வாக்கில் உருகிவிடும், லேசர் பிரிண்டரில் மையைச் சூட்டால் தாளில் பதிக்கும் ஃபியூசர் அதைவிடச் சூடு. உள்ளே ஒட்டிக்கொண்டால் பிரிண்டரே போச்சு.

சும்மாஒருவன்:
ஸ்கேனை அப்படியே அச்சிட்டால் பழைய ஆஃப்செட் அச்சின் புள்ளிகள் அலையலையாகத் தெரியும். லோகோவையும் எழுத்தையும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திரும்ப வரைந்துவிடுவதே மேல், சலிப்பான வேலைதான். ஓர மடிப்பை வெளிப்பக்கம் ஒட்டுங்கள், பசை நன்றாகக் காயாமல் வட்டைப் போடாதீர்கள். அப்புறம், மடிப்புக்குள் சின்னதாக ‘நகல்’ என்று போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே எவராவது அசல் என்று ஈபேயில் விற்பார்.