ரசத்தில் ஒளிந்திருந்த கோதுமை

"சோறு தின்னும் சீமையில் பிறந்துவிட்டு, கோதுமை ஆகாது என்று எதற்கடி அழுகிறாய்?" விடுதிக்குப் போன முதல் வாரமே என்னிடம் இப்படிக் கேட்டுவிட்டார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சப்பாத்தி, பரோட்டா, ரவா உப்புமா, சேமியா பக்கம் போகாவிட்டால் தீர்ந்தது. காரைக்குடியில் இட்லிக்கா பஞ்சம்?

சீலியாக் நோய் என்று தெரிந்தது பன்னிரண்டாம் வகுப்பில். மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் இரத்தசோகை போகவில்லை. மதுரையில் இரத்தம் எடுத்தார்கள். பிறகு எண்டோஸ்கோபி செய்து, சிறுகுடலில் துளித் திசு எடுத்துப் பார்த்தார்கள். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சத்தை உறிஞ்சும் என் குடலுறிஞ்சிகளை என் உடம்பே அழிக்கிறதாம். மருந்தில்லை, ஆயுளுக்கும் பத்தியம்தான்.

பத்தியம் காத்தும் இரண்டாம் மாதமே வயிறு உப்பிக்கொண்டு பேதி. சாப்பிட்டதெல்லாம் சோறு, ரசம், மோர். ஒருநாள் மெஸ் அடுப்படியில் போய் நின்றேன். சமையல் ஆச்சி ரசத்தை இறக்கிவிட்டு, கூட்டுப் பெருங்காயப் பொடியைத் தாராளமாகத் தட்டினார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் கோதுமை மாவு, பிசின், அதற்கும் பிறகுதான் பெருங்காயம்.

"காயத்தில் கோதுமையா? இத்தனை வருஷமாகப் போடுகிறேனே, ஆத்தா!"

மறுநாளிலிருந்து காயம் போடும் முன்பே எனக்கென்று ஒரு சொம்பு ரசம் தனியாக எடுத்து வைத்தார். பூண்டை இரண்டு பல் கூடுதலாகத் தட்டிப் போட்டிருப்பார்; காயம் இல்லாத குறையே தெரியாது. சப்பாத்தி போட்ட கல்லில் என் தோசை வேண்டாம் என்பதைப் புரியவைக்கத்தான் நாளானது. கல்லைத் துடைத்துவிட்டுச் "சுத்தம்" என்பார். பூரி பொரித்த எண்ணெயில் சுட்ட உளுந்து வடையையும் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

பொங்கலுக்குத் தோழி கானாடுகாத்தானுக்குக் கூட்டிப் போனாள். கருப்பரிசியில் செய்த கவுனி அரிசி இனிப்பு, கந்தரப்பம், உளுந்து மாவில் கிண்டிய கும்மாயம்... ஒவ்வொன்றுக்கும் என்ன மாவு என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டேன். விருந்துக்கு வந்த இடத்தில் விசாரணை நடத்துவது கூச்சம்தான், வேறு வழியில்லை. ரங்கூன் புட்டைக் கண்டதும் கேட்க மறந்தேன். புட்டு என்றால் அரிசிதானே! கை இலைக்குப் போனபோது தோழியின் அப்பத்தா தடுத்தார்: "அது ரவை, ஆத்தா."

புட்டை எடுத்துவிட்டு, புது இலை போட்டு, மறுபடியும் கவுனி அரிசி வைத்தார்.