ரிப்பீட்டரின் மைக் இணைப்பு: இன்னும் உறுத்துகிற அனுபவங்கள்

பழைய ரிலே:
வந்த குரலை உடனே மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரில், பெறும் ரேடியோவின் ஸ்பீக்கர் முனையிலிருந்து கன்ட்ரோலர் (இரண்டு ரேடியோவையும் இணைத்து இயக்கும் பெட்டி), அங்கிருந்து அனுப்பும் ரேடியோவின் மைக். வழக்கமான அமைப்புதான். கன்ட்ரோலர் தருவது ஏறக்குறைய 1 வோல்ட், மைக் கேட்பதோ சில மில்லிவோல்ட். 10 கிலோ ஓம், 100 ஓம் மின்தடைகள் போட்டு நூறில் ஒரு பங்காக்கினேன். மைக் முனையில் டிசி (நேர் மின்சாரம்) நிற்குமே, அதைத் தடுக்கலாம் என்று 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைத்தேன். முதல் சோதனையில் நண்பர், "தகரக் குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டா பேசுகிறீர்கள்?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. ஒரு வாரம் மட்டத்தைக் கூட்டினேன், குறைத்தேன், ரேடியோவையே மாற்றினேன். கடைசியில் 10 மைக்ரோஃபாரட் வைத்ததும் குரலுக்கு உடம்பு வந்துவிட்டது. 600 ஓம் மைக் உள்ளீட்டுக்கு 0.1 வைத்தால் 2,000 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துபோகும். கணக்குப் போட ஒரு நிமிடம் ஆகாது. நான்தான் போடவில்லை.

நடுநிசி அலை:
எனக்கு நேர்ந்தது வேறு. கையடக்க ரேடியோ, மைக் கம்பியில் டிசி ஓடினாலே பிடிடி (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுந்தியதாக எடுத்துக்கொள்ளும் வகை. அதை மறந்து, இதே 100 ஓமை மின்தேக்கி இல்லாமல் மைக்குக்கும் எர்த்துக்கும் நடுவே பற்றவைத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் யாரும் பேசவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது. கையில் எடுத்தவன் உடனே கீழே வைத்துவிட்டேன், அவ்வளவு சூடு. எத்தனை நேரம் அந்த அலைவரிசையை அடைத்துக்கொண்டு நின்றதோ.

ஈயப்பற்று:
பழைய ரிலே சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தகரக் குரலுக்குக் காரணம் ப்ரீ-எம்ஃபசிஸ், அதாவது அனுப்பும் ரேடியோ உயர் ஸ்வரங்களைத் தூக்கிவிடுவது. டிஸ்கிரிமினேட்டரில் (பெறும் ரேடியோவில் அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) எடுக்கும் ஒலியில் உயர் ஸ்வரங்கள் ஏற்கெனவே தூக்கப்பட்டிருக்கும். அதை மைக்கில் கொடுத்தால் ரேடியோ இன்னொரு முறை தூக்கும். ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், 6 டெசிபல். 300-இலிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வருவதற்குள் 20 டெசிபல்! பின்புறம் ஒலியைத் தூக்காமல் எடுத்துக்கொள்ளும் டேட்டா முனை இருந்தால் மைக்கை விட்டுவிட்டு அதில் கொடுங்கள். இரைச்சல் வந்தால் 600-க்கு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு எர்த்தைப் பிரித்துவிடுங்கள். அனுப்பும்போது மட்டும் ஒலி கரகரத்தால் ஆர்எஃப் (அனுப்பும் ரேடியோ அலை) கம்பிக்குள் நுழைகிறது. கம்பியை ஃபெரைட் வளையத்தில் சுற்றுங்கள். மட்டத்தைக் காதால் வைக்காதீர்கள், அனுப்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் டீவியேஷன் மீட்டரில் வையுங்கள். என் கதை சின்னது: ஸ்பீக்கர் கம்பி ஒன்றை எர்த்தில் சேர்த்தேன். பிரிட்ஜ் வகை வெளியீடு, இரண்டு கம்பியுமே எர்த்தைத் தொடக்கூடாது. ஆம்ப்ளிஃபயர் ஐசி போயிற்று.

பழைய ரிலே:
ஸ்பீக்கர் முனை என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன், ஐயா. தூக்கிய உயர் ஸ்வரங்களை இறக்கும் டீ-எம்ஃபசிஸ் முடிந்துதான் ஒலி அங்கே வருகிறது. நான் மாற்றியது ஒரே ஒரு மின்தேக்கி.

நடுநிசி அலை:
அந்த 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் பிளஸ் முனை எந்தப் பக்கம்?

பழைய ரிலே:
ரேடியோ பக்கம். டிசி அங்கேதானே நிற்கிறது.