பெரிய வீடு குழு: தாத்தாவின் அறுவைச் சிகிச்சை

பெரியப்பா: அப்பாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய். பையை எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மதுரை அத்தை: முருகா!

சித்தப்பா: 72 வயதில் அதெல்லாம் வேண்டுமா அண்ணா?

நான்: அவசரப்படாதீர்கள் சித்தப்பா. இங்கே அமெரிக்காவில் எங்கள் கொலராடோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸுக்கும் இதே புற்றுநோய்தான். பையை எடுத்துவிட்டு, குடலின் ஒரு பகுதியையே புதுப் பையாகத் தைத்திருக்கிறார்கள். 2025 ஜூலை 28ஆம் தேதி டாக்டரை அருகில் வைத்துக்கொண்டு அவரே சொன்னார். மறுபடி பயிற்சிக்கும் வந்துவிட்டார்.

அக்கா: யார் அவர்?

நான்: 1989இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் ஃபுட்பால் அணிக்கு வந்தவர். ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை இரண்டு முறை வென்றார். 1992இல் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரிலும் ஆடினார். இரண்டிலும் ஆடியவர் அவர் ஒருவர்தான். 2020இல் மிசிசிப்பியில் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஆனார். அடுத்த ஆண்டே இரத்தம் உறைந்து இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். சக்கர நாற்காலியில் வந்து ஆட்டத்தை நடத்தினார். 2022இல் 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்த எங்கள் அணி, அவர் வந்த இரண்டாம் ஆண்டில் 9 ஜெயித்தது.

பெரியப்பா: வயது?

நான்: அறுவைச் சிகிச்சையின்போது 57.

சித்தப்பா: அதைச் சொல்.

மதுரை அத்தை: செலவுக்கு வயல் விற்ற பணம் இருக்கிறதே.

பெரியப்பா: இப்போது அந்தப் பேச்சு எதற்கு?

மதுரை அத்தை: சரி, இரவில் துணைக்கு யார்? கண் ஆபரேஷனுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

அக்கா: பாட்டிக்குத் தெரியுமா?

மதுரை அத்தை: கிணற்றடியில் அப்பா தானே வேட்டியை அலசியபோதே கேட்டேன். வெற்றிலைக் கறை என்றார்.

நான்: தாத்தாவின் வெட்கம்தான் காரணம், அத்தை. சாண்டர்ஸ் கேமரா முன்னாலேயே, சிறுநீரை அடக்க முடியவில்லை, டயப்பர் கட்டுகிறேன் என்றார். எல்லோரும் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். அவருக்கே வேறு பரிசோதனைக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது.

சித்தப்பா: அப்பா இந்தக் குழுவில் இருக்கிறார், தெரியுமல்லவா?

தாத்தா: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கறை என்று சொன்னது பொய். மூன்று மாதமாக இரத்தம் போகிறது.

பெரியப்பா: அப்பா!

தாத்தா: அதைக் கட்டிக்கொண்டா அவர் திடலில் நிற்கிறார்?

நான்: ஆமாம் தாத்தா. எல்லோர் முன்னாலும்.

தாத்தா: அவர் பேசியதை அனுப்பு. காலையில் பார்க்கிறேன்.

சித்தப்பா: வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன் அண்ணா. காரில் இடம் இருக்கிறதா?

மதுரை அத்தை: இரவுக்கு யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.