தொங்கும் கிளைகள் கொண்ட அழகு மரங்களை இனங்காணுதல்: நான்கு மரங்களுக்குப் பெயர் தேவை

கேள்வி (பள்ளித்தோட்டம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி வளாகத்து மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். தொங்கும் தோற்றம் கொண்ட நான்கு வகைகளுக்கு மட்டும் இன்னும் பெயர் உறுதியாகவில்லை.

முதலாவது, மதிலோரம் வரிசையாக நேரே ஓங்கி வளர்ந்திருக்கும் மரம். கிளைகள் அடிமரத்தை ஒட்டிக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கின்றன. நீண்ட இலைகளின் ஓரம் நெளிந்திருக்கிறது. தோட்டக்காரர் இதை அசோக மரம் என்கிறார். இரண்டாவது மரத்தின் மெல்லிய கொப்புகள் தாழ்ந்து தொங்க, அவற்றில் பிரஷ் வடிவச் சிவப்புப் பூக்கள் உள்ளன. மூன்றாவதில் சிறிய, பளபளப்பான இலைகள் அடர்ந்திருக்கின்றன. கிள்ளினால் பால் வடிகிறது. நான்காவது, நூலகத்தின் பின்னால் உள்ள சிறு மரம். அதன் கொப்பு நுனிகளில் செம்பு நிற இலைக்கொத்துகள் துவண்டு தொங்குவதால், ஏதோ நோய் கண்டுவிட்டது, வெட்டிவிடலாம் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. பலகை எழுதுவதற்கு முன் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (நாற்றங்கால்)

தொங்கும் தோற்றத்தை மட்டும் வைத்து எந்த மரத்துக்கும் பெயர் சொல்லிவிட முடியாது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல குடும்பங்களில் அத்தோற்றம் அமைந்திருக்கிறது. ஆகவே, தொங்குவது முழுக் கிளையா, கொப்பின் நுனியா, இளம் இலை மட்டுமா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். அதன் பிறகு இலை, பூ, காய் ஆகியவற்றுக்குப் போகலாம்.

தங்கள் மதிலோர மரத்தில் தொங்குவது முழுக் கிளை. அது நெட்டிலிங்கம், சீத்தா மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒவ்வொன்றும் தனி இலையாக, கொப்பில் மாறிமாறி அமைந்திருக்கும். கோடையில் ஆறு இதழ்கள் கொண்ட வெளிர்பச்சைப் பூக்கள் இலைகளுக்கு நடுவே மறைந்து பூக்கும். பலர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. பிறகு கொத்தாகக் காய்த்து, பழுத்தால் கருநீலமாக மாறும்; வௌவாலும் குயிலும் தேடி வரும். இதே இனத்தில் கிளைகள் அகலமாகப் பரவி, நல்ல நிழல் தரும் வடிவமும் உண்டு. மதிலோரங்களில் நாம் நடுவது கிளை சரிந்த, ஒடுங்கிய வகையை என்பதால், பரந்து நிற்கும் மரத்தைக் கண்டால் வேறு மரம் என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள்.

மறுமொழி (பசுமைத்தடம்)

இரண்டாவது மரம் பாட்டில் பிரஷ். கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஓடைக்கரைகளிலிருந்து வந்த இம்மரம் தைல மரத்துக்கும் கொய்யாவுக்கும் உறவு. சிவப்பாகத் தெரிவது இதழ்கள் அல்ல, மகரந்தத் தாள்கள். பூக்காத காலத்திலும் இதை எளிதில் கண்டுகொள்ளலாம்: மணிமணியான கெட்டிக் காய்கள் கொப்பைச் சுற்றி நெருக்கமாக ஒட்டியிருக்கும், அந்தக் காய்த் தொகுதியைக் கடந்து அதே கொப்பு மேலும் நீண்டு இலை விட்டிருக்கும். இதன் நெருங்கிய உறவான இன்னொரு வகையில் கொப்புகள் விறைப்பாக நிற்கும். தங்களுடையது தாழும் வகைதான்.

மூன்றாவது, ஆல், அத்தி ஆகியவற்றின் இனமான பெஞ்சமினா ஃபைகஸ். பால் இருப்பதோடு, இலைநுனி கூர்ந்து நீண்டிருக்கிறதா, கணுக்களில் வளையம் போன்ற தழும்பு தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் ஓடும் மரம் இது. கட்டடத்துக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் அருகில் நின்றால் இப்போதே கவனிப்பது நல்லது.

மறுமொழி (நாற்றங்கால்)

நான்காவது மரத்தை வெட்ட வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். தொங்கும் தளிர்தான் அதன் இயல்பு. பச்சையமும் விறைப்பும் வருவதற்கு முன்பே தளிர் முழு நீளத்துக்கு வளர்ந்துவிடுவதால் துவண்டு தொங்குகிறது. நாளடைவில் பச்சையாகி நிமிர்ந்துவிடும். அது உண்மையான அசோகமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் பிரவுனியா போன்ற வேறு சில அழகு மரங்களிலும் தளிர் இவ்வாறே தொங்கும். முதிர்ந்த இலை ஒன்றில் எத்தனை சிற்றிலைகள் உள்ளன, பூ எங்கே, என்ன நிறத்தில் பூக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பதில் (பள்ளித்தோட்டம்)

இன்று மாணவர்களுடன் சென்று பார்த்தேன். ஒரு காம்பில் ஐந்து ஜோடிச் சிற்றிலைகள் உள்ளன. நுனியில் தனி இலை இல்லை. ஆரஞ்சு நிறப் பூங்கொத்துகள் கொப்புகளில் மட்டுமன்றி, தடித்த பழைய கிளையிலும் பூத்திருக்கின்றன. சில பூக்கள் சிவப்பாக மாறியுள்ளன. தரையில் தட்டையான, தோல்போன்ற காய் ஒன்றும் கிடைத்தது.

மறுமொழி (நாற்றங்கால்)

ஐயமில்லை, அசோகமேதான். பிரவுனியாவின் பூக்கள் பெரும்பாலும் உருண்டையாகத் திரண்ட பெரிய கொத்துகளாக இருக்கும். தங்கள் மரம் புளி, கொன்றை ஆகியவற்றின் குடும்பம். நெட்டிலிங்கத்துக்கும் அதற்கும் உறவில்லை. மருந்துக்காக அசோகப் பட்டை மிகுதியாக உரிக்கப்பட்டதால், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அது அழியும் வாய்ப்புள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது. சந்தையில் அசோகப் பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பதும் நடக்கிறது. ஆகவே மதிலோரப் பலகையில் நெட்டிலிங்கம் என்றே எழுதுங்கள். தோட்டக்காரரிடமும் இரண்டு மரங்களின் இலைகளையும் அருகருகே வைத்துக் காட்டிவிடுங்கள். அசோகத்தின் விதைகளைப் பொறுக்கியதும் காயவிடாமல் விதையுங்கள். இளங்கன்றுக்குச் சற்று நிழலும் ஈரமும் வேண்டும்.